வள்ளத்து எஞ்சினுக்கு ஆயில் கலக்கும் தம்பிமாருக்கு



ஆரோக்கியபுரத்திலிருந்து நீரோடி வரை நம் கடற்கரையில் அவுட்போர்டு எஞ்சின் வைத்த வள்ளத்தில் தொழிலுக்குப் போகிற உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் பலருடைய அப்பாமாருக்கு எஞ்சின் பார்த்தவன் நான். பாய் விரித்தும் துடுப்புப் போட்டும் போன கரையில் பிளைவுட் வள்ளமும் அவுட்போர்டும் வந்து இறங்கிய காலத்தில் ஸ்பேனர் பிடிக்கப் பழகினேன். இப்போது என் பட்டறைக்கு வருகிற எஞ்சின்களைப் பார்க்கும்போது மனசு பொறுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் ஒரு தம்பி ஆட்டோவில் எஞ்சினைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தான். ஸ்டார்ட் கயிறு ஒரு விரற்கடைகூட இழுபடவில்லை. ஹெட்டைக் கழற்றி, மரக்கட்டை வைத்துத் தட்டித்தான் பிஸ்டனை வெளியே எடுத்தேன். புகை போகும் துளைப் பக்கத்தில் பிஸ்டனின் மேலிருந்து கீழ்வரை கோடுகோடாகக் கீறல். அலுமினியம் இளகி இழுபட்டு, ரிங்கை அதன் காடியிலேயே வைத்துப் பூசிவிட்டிருந்தது. சிலிண்டர் சுவரில் விரலை ஓட்டினால் நகம் மாட்டியது.

"ஆயில் ஊத்துனியா?" என்று கேட்டேன். "ஊத்துனேண்ணே. அளந்துதான் ஊத்துனேன்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. இருபது லிட்டர் கேனைக் கழுத்து முட்ட மண்ணெண்ணெயால் நிரப்பியிருக்கிறான். அதன் மேல் 400 மில்லி ஆயிலை ஊற்றி, மூடியைத் திருகி, வள்ளத்தில் ஏற்றியிருக்கிறான். அளவு சரி. ஆயிலும் நல்ல ஆயில். போகும்போது எஞ்சின் ஒரே புகையாய்ப் புகைந்ததாம். திரும்பி வரும்போது, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், முனகி நின்றுவிட்டதாம்.

நான் பேசாமல் உள்ளே போய் ஒரு கண்ணாடி பாட்டிலில் மண்ணெண்ணெய் எடுத்து வந்தேன். அவன் கண்முன்னே அதில் கொஞ்சம் ஆயிலை ஊற்றினேன். பச்சை நிற ஆயில் நூலாக இறங்கி, அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஆயில் மண்ணெண்ணெயைவிட கனம். பெட்ரோலைவிட இன்னும் கனம். கேனிலிருந்து உறிஞ்சும் குழாயின் வாய் இருப்பதும் அடியில்தான். ஆகவே போகும்போது எஞ்சின் குடித்தது பெரும்பாலும் ஆயில், அதனால் புகை. வரும்போது குடித்தது ஏறக்குறைய வெறும் மண்ணெண்ணெய், அதனால் பிஸ்டன் இறுகி எஞ்சின் சீஸ். "அலையில குலுங்குமேண்ணே" என்றான். கழுத்துவரை நிறைந்த கேனுக்குள் குலுங்க இடம் ஏது? பாதி கேன் என்றால் குலுங்கும். நிறைந்த கேன் கல் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

அவன் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றான். உங்களுக்கும் அந்தப் பாட்டிலைக் காட்ட வேண்டும் போலிருந்தது.

தம்பிமாரே, ஒன்றை முதலில் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். காரிலும், இப்போது வருகிற ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினிலும் ஆயில் ஒரு தொட்டியில் கிடக்கும். பம்பு அதை எடுத்து பேரிங்குக்கெல்லாம் கொடுக்கும். அது வழிந்து தொட்டிக்கே திரும்பும். அதே ஆயில் மாதக்கணக்கில் சுற்றிவரும். உங்கள் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் அந்தத் தொட்டி கிடையாது. சுற்றிக் கொடுக்கிற பம்பும் கிடையாது. எரிபொருளோடு சேர்ந்து வருகிற ஆயில் ஒரே ஒரு தடவை உள்ளே போகும், தன் வேலையைச் செய்யும், எரிந்து புகையோடு கடலுக்குள் போய்விடும். நேற்று ஊற்றியது இன்றைக்கு இல்லை. இன்று விடியற்காலை கேனில் நீங்கள் கலந்தது மட்டும்தான் இன்றைக்கு எஞ்சினுக்கு இருக்கிற ஆயில்.

அது எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். பிஸ்டன் மேலே ஏறும்போது அதற்குக் கீழே, கிராங்க் இருக்கும் அறையில், இடம் பெருகி ஒரு இழுவை உண்டாகிறது. அந்த இழுவைக்கு ரீட் வால்வின் மெல்லிய தகடுகள் திறக்கின்றன. காப்ரேட்டர் வழியாகக் காற்றும் எரிபொருளும் ஆயிலும் பனிமாதிரி கலந்து உள்ளே வருகின்றன. அதே நேரம் மேலே முந்தின கலவை நெருக்கப்பட்டு, பிளக் பொறியில் வெடிக்கிறது. பிஸ்டன் கீழே இறங்குகிறது, ரீட் மூடிக்கொள்கிறது, கிராங்க் அறைக்குள் இருக்கும் பனி நெருக்கப்படுகிறது. முதலில் புகைத்துளை திறந்து எரிந்த காற்று வெளியேறும். அடுத்த கணம் பக்கவாட்டு வழிகள் திறந்து, கீழே நெருக்கப்பட்டிருந்த பனி சிலிண்டருக்குள் பாயும். இவ்வளவும் கிராங்கின் ஒரே சுற்றில்.

இந்தப் பாதையைக் கவனியுங்கள். கலவை சிலிண்டருக்குப் போகும் முன் கிராங்க் அறை வழியாகத்தான் போக வேண்டும். அந்த அறையில்தான் கிராங்கைத் தாங்கும் பேரிங்குகள் இருக்கின்றன. கனெக்டிங் ராடின் பெரிய முனையில் ஊசி ஊசியாக உருளும் நீடில் பேரிங்கும் அங்கேதான். சூடான அறையில் பெட்ரோல் ஆவியாகிப் பிரியும். ஆவியாகாத ஆயில் துளிகள் இரும்பில் ஒட்டிக்கொண்டு மெல்லிய படலமாகும். டூ ஸ்ட்ரோக்கில் உருளும் பேரிங்காகவே போட்டிருப்பதற்குக் காரணமும் இதுதான். காரில் இருக்கிற மாதிரி வழுவழுப்பான புஷ் போட்டால், அழுத்தத்தோடு ஆயில் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உருளும் பேரிங்குக்கு ஒரு துளி ஈரம் போதும். அந்த ஒரு துளி வந்துகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எவ்வளவு சின்னத் துளி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 5 லிட்டர் குடிக்கிற எஞ்சின் என்று வைத்துக்கொள்வோம். 50-க்கு 1 என்று கலந்தால் ஒரு மணி நேரத்துக்கு 100 மில்லி ஆயில். நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடினால், ஒரு மணியில் 3 லட்சம் சுற்று. அப்படியானால் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது ஒரு மில்லியை மூவாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. அதைத்தான் பேரிங்கும் ராடும் பிஸ்டனும் ரிங்கும் சிலிண்டரும் பங்கு வைத்துக்கொள்கின்றன. பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே இருப்பது ஒரு தலைமுடி கனத்தை ஒட்டிய இடைவெளி. பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் இரும்பு. சூடேறினால் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அந்த இடைவெளியில் ஆயில் படலம் அறுந்தால், இரும்பும் அலுமினியமும் நேராக உரசும். பிறகு நடப்பதைத்தான் அந்தத் தம்பியின் பிஸ்டனில் பார்த்தோம்.

இனி மண்ணெண்ணெய் விஷயம். நம் எஞ்சின்கள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாறுகிறவை. மண்ணெண்ணெய் பெட்ரோல்போல உடனே ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினுக்குள் அது துளியாகவே கிடந்து, சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். கை கழுவ மண்ணெண்ணெய் எடுத்தால் கிரீஸ் எப்படிப் போகிறது என்று உங்களுக்குத் தெரியும். அதேதான் உள்ளேயும். ஆகவே ஸ்டார்ட் பண்ணி, கை வைத்தால் சூடு தெரிகிற அளவுக்கு ஓடவிட்டு, பிறகே மண்ணெண்ணெய்க்குத் திருப்புங்கள். கரை சேருமுன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி, காப்ரேட்டரில் நிற்கும் மண்ணெண்ணெய் தீர ஓடவிட்டு நிறுத்துங்கள். அடுத்த நாள் காலை சுலபமாக ஸ்டார்ட் ஆகும், பிளக்கும் நனையாது.

இதில் ஒரு தப்பைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மண்ணெண்ணெயில் ஆயில் கலக்கிறீர்கள். ஸ்டார்ட் பண்ணுகிற பெட்ரோலில் கலப்பதில்லை. "ரெண்டு நிமிஷம்தானே ஓடப்போவுது" என்கிறீர்கள். இரவெல்லாம் நின்ற எஞ்சினில் படலம் வடிந்து காய்ந்து கிடக்கும். எஞ்சினுக்கு ஆயில் மிக அவசியமான இரண்டு நிமிடம் அதுதான். சின்ன டேங்கில் ஒரு லிட்டர் பெட்ரோல் என்றாலும் அதிலும் 20 மில்லி போட வேண்டும்.

எவ்வளவு ஆயில் என்பதில் ஆளுக்கொரு பேச்சு உண்டு. உங்கள் எஞ்சினோடு வந்த புத்தகம் என்ன சொல்கிறதோ அதுதான் அளவு. பெரும்பாலான எஞ்சினுக்கு 50-க்கு 1: லிட்டருக்கு 20 மில்லி, பத்து லிட்டருக்கு 200 மில்லி, இருபது லிட்டருக்கு 400 மில்லி. புது எஞ்சினுக்கும், போர் பண்ணிப் புது பிஸ்டன் போட்ட எஞ்சினுக்கும், முதல் பத்து மணி நேரம் பெரும்பாலும் அதன் இரட்டிப்பு, அதாவது 25-க்கு 1 என்று சொல்லியிருப்பார்கள். அந்தப் பத்து மணி நேரமும் முழு வேகம் வேண்டாம். ரிங்கும் சுவரும் ஒன்றோடொன்று பழக வேண்டிய நேரம் அது.

"அப்பா காலத்துல கூட ஊத்துவாங்களே" என்று சிலர் கேட்கிறீர்கள். முன்பு 24-க்கு 1 என்று கலந்த எஞ்சின்கள் இருந்தன. ஆயில் தரம் கூடக்கூட அளவு குறைந்து 50-க்கு வந்தது. இன்னும் குறைக்கலாமே என்று பார்த்தவர்களும் உண்டு. ஜான்சன், எவின்ரூட் எஞ்சின்களைச் செய்த அமெரிக்கக் கம்பெனி 1980-களில் 100-க்கு 1 போதும் என்று சொல்லிப் பார்த்தது. பிறகு 50-க்கே திரும்பி வந்தது. எஞ்சினைச் செய்கிறவனே அப்படிப் பின்வாங்கியிருக்கும்போது, நாம் நம் கணக்கில் குறைத்துப் பார்க்கக் கூடாது. ஒரு நாளைக்கு இருபது லிட்டர் என்றால், பாதி ஆயிலைக் குறைத்து மிச்சம் பிடிப்பது 200 மில்லி. அந்த 200 மில்லியின் விலையையும் ஒரு பிஸ்டன், ரிங், போர், பத்து நாள் கரையில் கிடக்கிற வள்ளம் இவற்றின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கூட ஊற்றினால் நல்லது என்பதும் தப்பு. எரியாத ஆயில் பிளக்கை நனைக்கும். புகைத்துளையில் கரியாகக் கட்டும். ரிங் அதன் காடியில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய ரிங் விரிந்து சுருங்காது. வெடிப்பின் சூடு அதைத் தாண்டிக் கீழே இறங்கி, பிஸ்டனின் பக்கத்தைச் சுடும். இன்னொன்றும் இருக்கிறது. காப்ரேட்டரின் ஜெட் துளை அளந்து விடுவது கலவையைத்தான். அந்தக் கலவையில் ஆயில் கூடினால் எரிபொருள் குறைகிறது. எரிபொருள் குறைந்த கலவை சூடாக எரியும். ஆயிலை அள்ளி ஊற்றி எஞ்சினைச் சுட்டவர்களும் என் பட்டறைக்கு வந்திருக்கிறார்கள்.

அளவுக்கு அடுத்தது, எந்த ஆயில் என்பது. டப்பாவில் 'டிசி-டபிள்யூ3' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரால் குளிரும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில் என்று அதற்குப் பொருள். அமெரிக்கப் படகுத் தொழில் சங்கம் 1990-களின் தொடக்கத்தில் வகுத்த தரம் அது. பழைய ஆர்எக்ஸ் 100 பைக்குக்கும் ஆட்டோவுக்கும் விற்ற 2டி ஆயில் வேறு. அந்த எஞ்சின்கள் காற்றில் குளிர்பவை. சிலிண்டர் அதிகச் சூட்டில் ஓடும். அந்தச் சூட்டில் கரியைத் தட்டிவிட, உலோகம் கலந்த மருந்துகள் அந்த ஆயிலில் சேர்ந்திருக்கும். எரிந்தால் அவை சாம்பலாக மிஞ்சும். அவுட்போர்டு கடல்தண்ணீரில் குளிர்வது. ஆனால் பைக்போல நிமிடத்துக்கு ஒருமுறை வேகம் குறையாது. முழு ஆக்சிலரேட்டரில் மணிக்கணக்கில் ஓடும். அதில் 2டி ஆயிலை ஊற்றினால் பிஸ்டன் தலையிலும் பிளக்கிலும் சாம்பல் படிந்து, தணல்போலக் கனன்று, பிளக் பொறி வருமுன்னே கலவையைப் பற்றவைக்கும். பிஸ்டன் தலையில் பட்டன் அளவுக்கு ஓட்டை விழுவது இப்படித்தான். டிசி-டபிள்யூ3 ஆயிலில் சாம்பல் தரும் உலோகம் கிடையாது. உப்புக் காற்றில் துரு பிடிக்காமல் காக்கும் மருந்தும் அதில் உண்டு.

லாரியிலிருந்து இறக்கிய கறுப்பு ஆயிலைத் துணியில் வடிகட்டி ஊற்றுவதையும், மூடி உடைத்து ஒட்டிய டப்பாவைக் குறைந்த விலைக்கு வாங்குவதையும் விட்டுவிடுங்கள். துணியில் வடிவது மண்தான். இரும்புத் தூளும் சாம்பலும் அப்படியே எஞ்சினுக்குள் போகும்.

இனிச் சொல்லப்போவது பலருக்குத் தெரியாதது. எனக்கும் இரண்டு எஞ்சின் போன பிறகுதான் புரிந்தது. இரண்டு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் ஒன்றுதான் என்றாலும், கிராங்க் அறை இரண்டு. நடுவில் காற்றுப் புகாமல் அடைத்திருக்கும். ஒன்றுக்கு வருகிற கலவை மற்றொன்றுக்குப் போகாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காப்ரேட்டர் இருக்கிற எஞ்சினில் ஒரு ஜெட் அழுக்கால் அடைத்துக்கொண்டால், அந்தச் சிலிண்டருக்கு எரிபொருள் மட்டுமா நின்றுபோகிறது? ஆயிலும் நின்றுபோகிறது. ஆனால் அந்தப் பிஸ்டன் நிற்காது. நல்ல சிலிண்டர் கிராங்கைச் சுற்றச் சுற்ற, இது உலர்ந்த சுவரில் நிமிடத்துக்கு ஐயாயிரம் தடவை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். "ஒரு சிலிண்டர் அடிக்கலேண்ணே, ஒத்தையில ஓட்டிக் கரை சேந்தோம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். கரை சேர்ந்தது பெரிய விஷயம்தான். கடலில் காற்று மாறி நிற்கும்போது வேறு வழியும் இல்லை. ஆனால் வழி இருந்தால் எஞ்சினை நிறுத்தி, ஃபில்டரையும் குழாயையும் பாருங்கள். இல்லையென்றால் வேகத்தைக் குறைத்து வாருங்கள். கரைக்கு வந்ததும் அடுத்த நாள் பாட்டுக்கு அப்படியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அடைத்தது எது என்று கண்டுபிடிக்காமல் பிளக்கை மட்டும் மாற்றுவது வீண்வேலை.

ஆயிலுக்குத் தனி டேங்க் வைத்த எஞ்சின்களும் நம் கரையில் உண்டு. அங்கே ஒரு சின்னப் பம்பு, ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து, மெதுவாக ஓடும்போது குறைவாகவும் வேகத்தில் கூடுதலாகவும் ஆயில் கொடுக்கும். அது நல்ல ஏற்பாடு. அதை நம்பி டேங்கைப் பார்க்காமல் விடக்கூடாது. அலாரம் கத்தினால் அதன் வயரைப் பிடுங்கவும் கூடாது. டேங்க் ஒருமுறை காலியாகிவிட்டால் குழாயில் காற்று நிற்கும். காற்றை வெளியேற்றி, பம்பு ஆயில் தருவது உறுதியாகும்வரை, கேனிலும் ஆயில் கலந்து ஓட்டுங்கள்.

ஆயில் சரியாக இருந்தாலும் தண்ணீர் வராவிட்டால் எஞ்சின் பிழைக்காது. இம்பெல்லர் ரப்பர் தேய்ந்தாலோ, மணல் புகுந்தாலோ, தண்ணீர் ஏறாது. சூட்டில் ஆயில் படலம் கருகும். பின்னால் பீய்ச்சுகிற தண்ணீரை ஒரு கண் பார்த்துக்கொண்டே இருங்கள். அது மெலிந்தால் வேகத்தைக் குறையுங்கள். நின்றால் எஞ்சினை நிறுத்துங்கள். கரைக்கு வந்து நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம் ஓடவிட்டால் உப்புக் கட்டாது.

கீழே கியர் பெட்டியில் இருப்பது வேறு ஆயில்; எரிபொருளில் கலக்கிற ஆயிலோடு அதற்கு உறவில்லை. அது எரிவதில்லை, அங்கேயே தங்குவது. அதற்கு எதிரி தங்கூசி நூல். புரொப்பல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்ட தங்கூசி, சீலை அறுக்கும். அதன் வழியாகக் கடல்தண்ணீர் உள்ளே போகும். கீழ்த் திருகைத் திறந்தால் ஆயில் பால் டீ நிறத்தில் வந்தால் அதுதான் அடையாளம். வாரத்துக்கு ஒருமுறை புரொப்பல்லரைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். புது கியர் ஆயிலைக் கீழ்த் துளையிலிருந்து ஏற்றி, மேல் துளையில் வழியும்போது அடைக்க வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே நிற்கும்.

அலைவாயில் வள்ளம் கவிழ்ந்து எஞ்சின் கடலில் மூழ்கினால், கரையில் போட்டுவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று போகாதீர்கள். வெளியே எடுத்துக் காற்றுப் பட்ட கணத்திலிருந்து துரு தொடங்குகிறது. முதலில் அந்த நீடில் பேரிங்குகளைத்தான் அது தின்னும். உடனே பார்க்க ஆள் இல்லையென்றால், நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மூழ்கவைத்துவிட்டு ஆளைத் தேடுங்கள். பிறகு பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வடித்து, கையால் சுற்றிப் பார்த்து, தடையில்லாமல் சுற்றினால் ஆயில் ஊற்றி அன்றைக்கே ஓட்டிச் சூடாக்க வேண்டும். ஆனி, ஆடியில் கடல் பொங்கி வாரக்கணக்கில் தொழில் இல்லாதபோதும் இதே கவனம் வேண்டும். காப்ரேட்டர் காலியாகும்வரை பெட்ரோலில் ஓட்டி நிறுத்தி, பிளக் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, கயிற்றை நாலு தடவை மெதுவாக இழுத்து வையுங்கள்.

கடைசியாகக் கடலைப் பற்றி. இந்த எஞ்சின் உள்ளே வாங்குகிற கலவையில் ஏறத்தாழ கால் பங்கு, எரியாமலே புகைத்துளை வழியாகத் தண்ணீருக்குள் போகிறது. புகைத்துளையும் கலவை வரும் வழியும் ஒரே நேரத்தில் திறந்திருக்கிற எஞ்சினின் குணம் அது. அதனால்தான் அமெரிக்கா 1990-களின் பாதியில் சட்டம் போட்டுப் படிப்படியாக இந்த வகை எஞ்சினைக் குறைத்தது. நம் கையில் இருக்கிற எஞ்சினை ஒரே நாளில் மாற்ற நமக்கு வசதி இல்லை. ஆனால் தேவைக்கு மேல் ஆயில் ஊற்றாமல் இருப்பதும், வடித்தெடுத்த கியர் ஆயிலை அலையில் கவிழ்க்காமல் இருப்பதும் நம் கையில் இருக்கிறது. மீன் குஞ்சு வளர்கிற கரைக்கடலில் பளபளவென்று பரவும் அந்தப் படலம் நாளைக்கு நம் மீன்பாட்டைத்தான் குறைக்கும்.

தம்பிமாரே, நீங்கள் திறமை குறைந்தவர்கள் என்று எண்ணி இதை நான் எழுதவில்லை. நட்சத்திரம் பார்த்தும் கணியம் பார்த்தும் கடலடிப் பார் கண்டுபிடித்த அப்பாமாரின் பிள்ளைகள் நீங்கள். ஜிபிஎஸ்ஸும் வயர்லெஸும் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் விடியற்காலை இரண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், அவசரத்தில் கேனில் ஊற்றுகிற அந்த ஒரு நிமிடத்தை யாரும் உங்களுக்குச் சரியாகச் சொல்லித்தரவில்லை. அப்பாமார் செய்ததைப் பார்த்துச் செய்தீர்கள். அப்பாமாருக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டியவன் நான். அந்தக் கடனைத்தான் இப்போது அடைக்கிறேன்.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் வந்து போன கரை நம் கரை. காற்று எழும்பும்போது கரையைத் திரும்பிப் பார்க்கிற மனுசனுக்கு எஞ்சின் என்றால் என்ன என்பதை நம் வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். எஞ்சின் சீஸ் ஆவது பட்டறையில் பணக்கணக்கு. நடுக்கடலில் அது உயிர்க்கணக்கு.

ஆகவே உங்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்கிறேன். நாளைக்குக் கடலுக்குப் போகுமுன் ஒரு அளவுக் குவளை வாங்கி, கேனின் கைப்பிடியிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். மூடியால் அளப்பதையும், கண்ணால் அளப்பதையும் அன்றோடு விட்டுவிடுங்கள். கேனில் முதலில் பாதி எரிபொருள் ஊற்றுங்கள். பிறகு அளந்த ஆயிலை முழுவதும் சேருங்கள். மூடியைத் திருகி, இரண்டு கையாலும் பிடித்து ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். பிறகு மீதியை ஊற்றி இன்னொரு தடவை குலுக்குங்கள். பெட்ரோல் டேங்குக்கும் இதே முறை. கூடப் போகிற பங்காளிக்கும் சொல்லிக்கொடுங்கள்.

பத்து லிட்டருக்கு 200 மில்லி. அதற்கு மேல் உங்கள் எஞ்சின் உங்களிடம் கேட்பது ஒரு நிமிடக் குலுக்கல்தான்.

அன்புடன்,
உங்கள் அப்பாமாரின் எஞ்சின் மெக்கானிக்